வரைபடத்தில் விழாத புள்ளிகள்

அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங்குக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைத்தான். ரியல்ட்டர் அனுப்பிய முகவரியை மாநிலத்தின் தளத்தில் போட்டு, சுற்றிலும் எத்தனை புள்ளி விழுகிறது என்று எண்ணி, ஸ்க்ரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். "ரெண்டு மைலுக்கு ஒண்ணுமே இல்லை, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று ஒரு பதில் வரும். "அந்தப் பக்கம் நாலு பேர் இருக்காங்களே, பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டு அங்கே எதுக்கு" என்று இன்னொன்று வரும். இரண்டுமே தப்பான வாசிப்பு என்பது என் கட்சி. அந்தப் பட்டியலில் யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்று விசாரித்துப் பார்த்தவர்கள் புள்ளிகளைக் கண்டு பதறவும் மாட்டார்கள், புள்ளி இல்லாததைக் கண்டு நிம்மதி அடையவும் மாட்டார்கள்.

குற்றம் நிரூபணமாகித் தண்டனை பெற்றவர்தான் பதிவேட்டில் வருவார். கைதாகி வழக்கு நடந்துகொண்டிருப்பவர் வரமாட்டார். சாட்சி சொல்லக் குழந்தையின் குடும்பம் மறுத்ததால் வெளியே வந்தவர் வரமாட்டார். அரசு வழக்கறிஞரோடு பேரம் பேசி, சாதாரண அடிதடிக் குற்றமாகக் குறைத்து ஒப்புக்கொண்டவரும் பெரும்பாலும் வரமாட்டார். தண்டனை பெற்றவரிடம் விடுதலைக்கு முன்பே கடமைகளைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பிறகு அவர் குடியிருக்கும் ஊரின் காவல் நிலையத்திலோ ஷெரிஃப் அலுவலகத்திலோ நேரில் போய் நிற்க வேண்டும். புகைப்படம், கைரேகை, உள்ளங்கை ரேகை, வீட்டு முகவரி, வேலை பார்க்கும் இடம், படிக்கும் கல்லூரி, வண்டி எண், புனைபெயர்கள் எல்லாம் கொடுக்க வேண்டும். வீடோ வேலையோ மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது மத்திய சட்டத்தின் குறைந்தபட்சம். பதிவைப் புதுப்பிக்காமல் மாநிலம் தாண்டிப் போனால் மத்திய சிறையில் பத்தாண்டு வரை கிடைக்கும். கலிஃபோர்னியாவில் ஐந்து வேலை நாள் அவகாசம். அதோடு ஆண்டுதோறும் பிறந்தநாளை ஒட்டிய ஐந்து வேலை நாட்களுக்குள் புதுப்பிக்க வேண்டும், வீடில்லாமல் தெருவில் இருப்பவர் 30 நாளுக்கு ஒருமுறை போக வேண்டும். நியூ ஜெர்சியில் வீடு மாறுவதற்கு 10 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். டெக்சாஸில் ஏழு நாள். டெக்சாஸ் தளத்தில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் உயரம், எடைக்குப் பக்கத்தில் செருப்பு அளவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இதன் வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 1947லேயே கலிஃபோர்னியா பதிவைத் தொடங்கிவிட்டது, ஆனால் அது காவல்துறையின் அலமாரிக்குள் இருந்தது. மினசோட்டாவில் 1989இல் கடத்தப்பட்ட ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுச் சிறுவனின் பெயரில் 1994இல் மத்திய சட்டம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் நியூ ஜெர்சியின் ஹாமில்டன் டவுன்ஷிப்பில் ஏழு வயது மெகன் கான்கா கொல்லப்பட்டாள். கொன்றவன் எதிர் வீட்டில் குடியிருந்தவன், ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவன். அது தெரிந்திருந்தால் பிள்ளையைக் காப்பாற்றியிருப்போம் என்று பெற்றோர் கேட்ட கேள்விதான் அலமாரியைத் திறந்தது. அக்டோபரிலேயே அவள் பெயரில் மாநிலச் சட்டம் வந்தது, 1996இல் நாடு முழுவதற்குமானது. 2006இன் ஆடம் வால்ஷ் சட்டம் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்த்தது. ஜேக்கப்பின் தாய் பேட்டி வெட்டர்லிங், இந்தப் பட்டியல்கள் அளவுக்கு மீறி விரிந்துவிட்டன என்று பின்னாளில் வெளிப்படையாகவே பேசினார். மெகன் பெயரைச் சொல்லும் அளவுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

ஒரே எண், மூன்று அர்த்தம்

தேசியத் தளம் என்று ஒன்று இருப்பதால் தேசியப் பட்டியலும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். என்.எஸ்.ஓ.பி.டபிள்யூ. என்கிற அந்தத் தளத்துக்குச் சொந்தமாகத் தரவே கிடையாது. நீங்கள் தட்டும் பெயரை மாநிலங்கள், பழங்குடி அரசுகள், ஆட்சிப் பகுதிகளின் தளங்களுக்கு அனுப்பி, வருவதைத் தொகுத்துக் காட்டும், அவ்வளவுதான். ஒரு மாநிலத்தின் கணினி அன்றைக்குப் படுத்திருந்தால் அந்த மாநிலத்திலிருந்து பதில் வராது. முடிவுப் பக்கத்தில் அதற்கென்று ஒரு சிறிய எச்சரிக்கை இருக்கும், அதைப் படிக்காமல் "யாரும் இல்லை" என்று மூடிவிடுவதுதான் வழக்கம்.

ஆடம் வால்ஷ் என்ற அந்த மத்திய சட்டம் குற்றத்தின் தன்மையை வைத்து மூன்று நிலை பிரிக்கிறது. முதல் நிலைக்கு 15 ஆண்டு, ஆண்டுக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும். இரண்டாம் நிலைக்கு 25 ஆண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை. மூன்றாம் நிலைக்கு ஆயுள் முழுக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இதை முழுமையாக ஏற்ற மாநிலங்கள் பாதிக்கும் குறைவு. ஏற்காவிட்டால் மத்திய அரசு தரும் ஒரு காவல்துறை மானியத்தில் பத்து சதவீதம் போகும். போனால் போகட்டும் என்று கலிஃபோர்னியா, நியூ யார்க், நியூ ஜெர்சி, டெக்சாஸ் எல்லாம் தங்கள் வழியிலேயே நிற்கின்றன, நம்மவர்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

நிலையை ஆங்கிலத்தில் 'டியர்' (tier) என்பார்கள். நியூ ஜெர்சியில் 'டியர்' என்பது ஆபத்தின் மதிப்பெண். வன்முறையின் அளவு, பலியானவரின் வயது, முன் குற்றங்கள், குடிப்பழக்கம், சிகிச்சைக்கு ஒத்துழைப்பு, வேலை, குடியிருப்பு என்று 13 காரணிகளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள், மொத்தம் 111. 36 வரை முதல் நிலை, 37 முதல் 73 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. மாவட்ட அரசு வழக்கறிஞர் போடும் மதிப்பெண்ணை எதிர்த்து நீதிபதி முன் வாதாடலாம். கலிஃபோர்னியாவில் 2021 ஜனவரி 1 முதல் 'டியர்' என்பது எத்தனை ஆண்டு பதிவில் இருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு: குறைந்தது 10, குறைந்தது 20, அல்லது ஆயுள். அதற்கு முன்பு அங்கே எல்லாருக்கும் ஆயுள்தான். ஆக, "அவன் டியர் டூவாம்" என்று குழுவில் ஒருவர் எழுதினால் அது குற்றத்தின் கொடுமையா, மறுபடி செய்வான் என்ற பயமா, வெறும் கால அளவா என்பது எந்த மாநிலம் என்று தெரிந்தால்தான் புரியும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

இதைவிட முக்கியமானது, எந்த நிலை இணையத்தில் வரும் என்பது. நியூ யார்க்கில் முதல் நிலையினர் தளத்தில் இல்லை. அவர்களைப் பற்றிக் கேட்க மாநிலத்தின் கட்டணமில்லா எண்ணைக் கூப்பிட வேண்டும். பெயரோடு சரியான முகவரியோ பிறந்த தேதியோ வேறு அடையாளமோ சொல்ல வேண்டும், கூப்பிடுபவர் தன் பெயரையும் பதிய வேண்டும். மாசச்சூசெட்ஸிலும் முதல் நிலை வெளியே தெரியாது. கலிஃபோர்னியாவில் சிலருக்கு முழு முகவரி, சிலருக்கு ஜிப் கோடு மட்டும், சிலர் தளத்திலேயே இல்லை. நியூ ஜெர்சியில் முதல் நிலையினரைக் காவல்துறைக்கு மட்டுமே தெரியும். இரண்டாம் நிலை என்றால் பக்கத்துப் பள்ளிகள், குழந்தைகள் காப்பகங்கள், கோடை முகாம்கள், பதிவு செய்துகொண்ட சமூக அமைப்புகளுக்குத் தகவல் போகும். மூன்றாம் நிலை என்றால் காவலர் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார். அந்த மாநிலத்தின் எடிசன் ஊரில் ஒரு தெருவில் புள்ளியே இல்லை என்றால் அங்கே மூன்றாம் நிலையினர் இல்லை, இரண்டாம் நிலையில் பெரும்பாலோர் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த வரைபடம் எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் நிலையில் மறைபவர்கள்

"பெரும்பாலோர்" என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. என்னை மிகவும் தொந்தரவு செய்யும் இடமும் இதுதான். நியூ ஜெர்சியின் இணையப் பதிவேட்டுச் சட்டம் இரண்டாம் நிலையில் மூன்று வகையினரைத் தளத்தில் போட வேண்டாம் என்கிறது, அவர்களுக்கு அந்த ஒரே ஒரு பாலியல் குற்றம்தான் உண்டு என்றால். சிறார் வயதில் செய்தவர்கள் ஒரு வகை. பலியானவர் மனதால் சம்மதித்திருந்தும் வயது போதாததால் குற்றமானவை இன்னொரு வகை. மூன்றாவது, பலியான குழந்தைக்கு ரத்த உறவிலோ மண உறவிலோ மூன்றாம் படிக்குள் இருப்பவர், வளர்ப்புப் பெற்றோர், காப்பாளர், அல்லது அந்த வீட்டுக்குள் பெற்றோர் இடத்தில் இருந்தவர். அதாவது அப்பா, தாத்தா, மாமா, சித்தப்பா, அம்மாவின் இரண்டாவது கணவர். இவர்களால் வெளியாருக்கும் அதே அளவு ஆபத்து என்று அரசுத் தரப்பு தெளிவாக நிரூபித்தால் ஒழிய, பெயர் வெளியே வராது.

சட்டத்தின் நியாயம் புரிகிறது. தளத்தில் ஒருவர் படம், பெயர், முகவரி, குற்றத்தின் சுருக்கம் எல்லாம் இருக்கும். அப்பாவின் பக்கத்தில் "தன் மகளிடம்" என்றோ, வயதும் பாலினமும் மட்டும் போட்டோ எழுதினால்கூட, அந்தப் பெண் படிக்கும் பள்ளியில் திங்கட்கிழமை காலையே எல்லாருக்கும் தெரிந்துவிடும். குழந்தையை மறைக்க அப்பாவை மறைக்க வேண்டியிருக்கிறது. இப்படி வெளியே தெரிந்துவிடும் என்று பயந்துதான் பல குடும்பங்கள் புகாரே கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த விதிவிலக்கை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். காவல்துறைக்கு வந்த வழக்குகளை வைத்து அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2000இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான 18 வயதுக்கு உட்பட்டவர்களில் 34 சதவீதம் பேருக்குச் செய்தவர் குடும்பத்தினர், 59 சதவீதம் பேருக்கு அறிமுகமானவர், 7 சதவீதம் பேருக்குத்தான் முன்பின் தெரியாதவர். அதுவும் புகாராக வந்தவை மட்டும். நாம் வரைபடத்தைத் திறப்பது அந்த 7 சதவீதத்தை மனதில் வைத்து. மூன்றில் ஒரு பங்கான குடும்பத்தினரை வெளியே காட்டாமல் இருக்கச் சட்டமே வழி செய்கிறது. வீட்டுக்கு வந்து பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர், கார்பூலில் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டு அங்கிள், விடுமுறைக்கு வந்து மூன்று மாதம் தங்கும் உறவினர் என்று அந்த 59 சதவீதத்தில் வரக்கூடியவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூடத் தண்டனை பெறாதவர்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இருக்க வழியே இல்லை. "இங்கே ஏற்கெனவே மாட்டிய, வெளியே சொல்ல அனுமதியுள்ள யாராவது இருக்கிறார்களா" என்ற கேள்விக்குத்தான் தளம் பதில் தருகிறது. நாம் கேட்க நினைத்தது "என் பிள்ளை இங்கே பத்திரமா" என்பது.

தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இவ்வளவு சொல்லியும் தேடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிதாக ஒருவர் குழந்தைகளோடு பழகும் பொறுப்புக்கு வந்தால் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுவது நல்லது. கூகிளில் பெயரைப் போட்டால் முதலில் வருபவை தனியார் தளங்கள். மாநிலத் தளத்திலிருந்து எப்போதோ அள்ளிய தரவை வைத்திருப்பார்கள். இறந்தவர், பதிவிலிருந்து நீதிமன்றம் விடுவித்தவர், எப்போதோ வீடு மாறியவர் எல்லாம் அதில் அப்படியே இருப்பார்கள். மாநிலத்தின் சொந்தத் தளத்தில் தொடங்குங்கள், அவர் முன்பு இருந்த மாநிலங்களுக்காகத் தேசியத் தளத்தையும் பாருங்கள்.

நம் பெயர்கள்தான் பெரிய தலைவலி. இன்ஷியல் போட்டு எழுதும் வழக்கத்தால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், சிலருக்கு இரண்டும் இடம் மாறிக் கிடக்கும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று அதற்குப் பொருள். கார்த்திக்கில் 'எச்' போடலாம், விடலாம். அதனால் முழுப் பெயரை ஒருமுறை தட்டிவிட்டு முடிக்கக் கூடாது. பெயர்களை மாற்றிப் போட்டு ஒருமுறை, மாநிலத் தளம் அனுமதித்தால் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் போட்டு ஒருமுறை என்று பாருங்கள். அதேபோல் பெயர் பொருந்திவிட்டது என்பதற்காக ஆளைத் தீர்மானிக்கவும் கூடாது. பிறந்த ஆண்டு, படம், உயரம், தழும்பு, பச்சை குத்தல் என்று குறைந்தது இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்பதுதான் முறை, குழுவில் படத்தைப் போடுவது அல்ல.

முகவரித் தேடலில் வேறு சிக்கல். தேசியத் தளத்தில் அதிகபட்சம் மூன்று மைல் சுற்றளவு, அதற்கும் எல்லா மாநிலங்களும் ஒத்துழைப்பதில்லை. புள்ளி வீட்டைக் குறிக்கிறதா, வேலை செய்யும் இடத்தையா என்று பார்க்க வேண்டும். ஒரு கிடங்குக்குப் பக்கத்தில் நாலைந்து புள்ளிகள் குவிந்திருந்தால் பெரும்பாலும் வேலை முகவரிதான். பள்ளியிலிருந்து இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்ற விதிகளும் புள்ளிகளை ஓரிடத்துக்குத் தள்ளும். மயாமி-டேட் மாவட்டம் 2,500 அடி என்று விதித்தபோது, போக இடமில்லாமல் ஜூலியா டட்டில் பாலத்தின் அடியில் ஒரு கூடாரக் குடியிருப்பே உருவானது, 2010 வரை அது இருந்தது. ஃபுளோரிடா பட்டியலில் மாநிலத்தை விட்டே போய்விட்டவர்களும் இருப்பார்கள், ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்து மாநிலங்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கிடைத்த தகவலை வைத்து என்ன செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆபத்தில் இருப்பவரைக் காப்பதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது கலிஃபோர்னியா. அதைத் தாண்டி வாடகைக்கு வீடு மறுக்கவோ, வேலை, கடன், காப்பீடு மறுக்கவோ பயன்படுத்தினால் வழக்கு வரும். அந்தத் தளத்தில் எடுத்த தகவலை வைத்துச் சிறு குற்றம் செய்தாலே 10,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம், பெருங்குற்றம் என்றால் கூடுதலாக ஐந்தாண்டு சிறை. பதிவில் இருப்பவர் அந்தத் தளத்துக்குள் நுழைவதே அங்கே குற்றம்.

ரியல்ட்டரிடம் கேட்டுப் பயனில்லை என்பதை நியூ ஜெர்சி ஒப்பந்தப் படிவமே சொல்லிவிடுகிறது. மெகன் சட்ட அறிக்கை என்று அதில் ஒரு பத்தி இருக்கும், கையெழுத்து போடும் அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. ரியல் எஸ்டேட் உரிமம் பெற்றவர்களுக்கு இந்தத் தகவலைப் பெறும் உரிமை கிடையாது, உங்களுக்காக வாங்கித் தரவும் முடியாது, வெளியிடக்கூடிய தகவல் ஏதும் இருந்தால் மாவட்ட அரசு வழக்கறிஞரைக் கேட்கலாம் என்று அது சொல்லும். எப்போது கேட்கலாம் என்றால், கிளோசிங் ஆன பிறகு. பணத்தைக் கட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அப்புறம் கேள் என்பதுதான் அதன் சாரம்.

இந்தியாவில் பதிவானது இங்கே தெரியாது

ஊரிலிருந்து புதிதாக வந்தவரைப் பற்றி இங்குள்ள எந்தத் தளமும் எதுவும் சொல்லாது. இந்தியாவிலும் பதிவேடு உண்டு. 2018 செப்டம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் தொடங்கியது, தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. வல்லுறவு, போக்சோ உள்ளிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பெயர், முகவரி, படம், கைரேகை அதில் இருக்கின்றன. ஆனால் காவல்துறையும் விசாரணை அமைப்புகளும் மட்டுமே பார்க்க முடியும். முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டபோது, பாலியல் குற்றங்களுக்கும் போக்சோ வழக்குகளுக்கும் விலக்கு கொடுத்தது. தமிழ்நாடு காவல்துறை தளத்தில் எஃப்.ஐ.ஆர். தேடுபவருக்கு நகைத் திருட்டு கிடைக்கும், இது கிடைக்காது. அங்கும் காரணம் அதேதான்: குழந்தை யார் என்று தெரிந்துவிடக் கூடாது.

வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கு இந்த இடைவெளி நேரடிப் பிரச்சினை. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் ஏ.பி. 506 என்ற சட்டம் அமலில் இருக்கிறது. குழந்தைகளோடு மாதம் 16 மணி நேரத்துக்கு மேல் அல்லது ஆண்டுக்கு 32 மணி நேரத்துக்கு மேல் பழகும் 18 வயது கடந்த தன்னார்வலர் எவரும் லைவ் ஸ்கேன் கைரேகைச் சோதனைக்குப் போக வேண்டும், குழந்தைவதையைக் கண்டறிந்து புகார் செய்வதற்கான பயிற்சியும் முடிக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பெடுப்பவர் 17ஆவது வாரத்தில் அந்த 32ஐத் தாண்டிவிடுவார். பதிவேட்டில் பெயர் தேடுவதற்கும் இதற்கும் நிறைய தூரம். பெயரை எப்படி எழுதினாலும் கைரேகை மாறாது. சோதித்த நாளோடு முடியாமல், பிறகு அவர் மாநிலத்துக்குள் கைதானால் அந்தத் தகவலும் பள்ளிக்கு வந்து சேரும். படிவத்தில் முடிவு எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்று காட்டும் ஓ.ஆர்.ஐ. குறியீட்டைத் தப்பாக எழுதினால் முடிவு வேறெங்கோ போய்விடும், ஆசிரியர் மறுபடி ரேகை வைக்க வேண்டியிருக்கும். ஒருவர் பள்ளியை விட்டுப் போனால் இனி அவரைப் பற்றிய தகவல் வேண்டாம் என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், பல பள்ளிகள் அதை மறந்துவிடுகின்றன.

லைவ் ஸ்கேனும் இந்தியாவில் நடந்ததைக் காட்டாது, தண்டனையே பெறாதவரையும் காட்டாது. அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது: குழந்தைகளோடு இருக்கும் நேரத்தில், முடிந்தவரை, புகார் செய்யக் கடமைப்பட்ட பெரியவர்கள் இருவராவது உடனிருக்க வேண்டும் என்று பள்ளி விதி வகுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறை என்று முதலில் கைவிடப்படுவதும் இந்த வரிதான். ஆளில்லை என்றால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைக்கலாம், அல்லது வாரத்துக்கு இரண்டு பெற்றோர் என்று முறை போட்டுக் கடைசி வரிசையில் உட்கார வைக்கலாம். "நம்ம அண்ணாச்சியைப் போயா சந்தேகப்படுறது" என்று யாராவது கேட்பார்கள். கைரேகைப் படிவத்தைச் சங்கத் தலைவரிடமிருந்தே தொடங்கினால் அந்தப் பேச்சு பெரும்பாலும் எழாது. காப்பீட்டு நிறுவனமும் இந்த ஆவணங்களைக் கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருப்பதால், படிவங்களைப் பள்ளிக் கோப்பில் ஓர் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.